குட்டிக் கிணறு ஜுபைர்

கண்ணாடிப் பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்து, சுண்டுவிரல் நகத்தால் இரண்டு தட்டு தட்டுகிறார் ஜுபைர். பிறகு அதை வெயிலுக்கு நேரே தூக்கி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்க்கிறார். உள்ளே கடுகளவு காற்றுக் குமிழி தெரிந்தாலும் போதும், அத்தனை நீரையும் வாளியில் கொட்டிவிட்டு வேறு பாட்டிலை எடுக்கிறார். பாட்டில் என்றதும் பெரிதாக எண்ணிவிட வேண்டாம், இருமல் மருந்து பாட்டிலில் பாதிதான் இருக்கும். அதன் விளிம்புக்கு மேலே நீர் லேசாகப் புடைத்து நிற்கும்போது மூடியைத் திருக வேண்டும். "உள்ள காத்து இருந்துச்சுன்னா சார், பெட்ரோல் தண்ணிய வுட்டுட்டு காத்துல போய் உக்காந்துக்கும். அப்புறம் லேப்ல பாத்தா தண்ணி சுத்தம்னு வரும். பொய் சுத்தம்."

'பொய் சுத்தம்' என்பதை அவர் ஒரு கெட்ட வார்த்தையைப் போலத்தான் சொல்வார். அழுக்கு என்று முடிவு வந்தால் அவருக்கு அவ்வளவு வருத்தமில்லை. அழுக்கு என்று தெரிந்தால் அதற்கு ஏதாவது செய்யலாம் அல்லவா?

செங்கம் சாலையிலிருந்து எங்கள் தெரு பிரிகிற முனையில் ஒரு பெட்ரோல் பங்க் இருக்கிறது. அதைச் சுற்றி நான்கு இடங்களில் கறுப்பு இரும்புக் குழாய்கள் முழங்கால் உயரத்துக்கு நிற்கின்றன. வண்டி இடிக்காமலிருக்க நட்டவை என்றுதான் முதலில் நினைத்தேன். மூடியைத் திறந்தால் நிலத்தடி நீர்வரை இறங்குகிற ஒல்லியான கிணறு. நீரில் பெட்ரோல் கலந்திருக்கிறதா என்று பார்ப்பதற்காக மட்டுமே தோண்டியது. வேலூரில் உள்ள ஒரு தனியார் பரிசோதனைக் கூடத்தின் ஊழியரான ஜுபைர், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து அவற்றிலிருந்து நீர் எடுத்துப் போவார். அவர் அவற்றைக் 'குட்டிக் கிணறு' என்பார். எங்கள் தெரு அந்தப் பெயரை அவருக்கே வைத்துவிட்டது.

இரண்டு கோடைக்கு முன்னால், என் வீட்டு போர் தண்ணீரில் தலைக்குக் குளித்துவிட்டு வந்தால் மெக்கானிக் கடையிலிருந்து வருகிறவன் மாதிரி மணத்தேன். பக்கத்தில் பங்க் இருந்தால் அப்படித்தான் இருக்கும் என்று எல்லாரும் சமாதானம் சொன்னார்கள். கடைசியில் பார்த்தால், பங்கில் புதைத்திருந்த தொட்டியின் குழாய் இணைப்பு ஒன்று கசிந்து, யாருக்கும் தெரியாமல் மண்ணுக்குள் பெட்ரோல் இறங்கிக்கொண்டிருந்திருக்கிறது. தொட்டியை மாற்றினார்கள். மண்ணை லாரி லாரியாக அள்ளினார்கள். மாதக்கணக்கில் நீரை உறிஞ்சிச் சுத்திகரித்தார்கள். தெருவிலிருந்த போர்களையும், இட்லிக் கடை பாஞ்சாலை அக்காவின் கிணற்றையும் மூடி முத்திரை வைத்தார்கள். நாலாம் நம்பர் குழாய் பங்குக்கும் எங்கள் வீடுகளுக்கும் நடுவில், சரியாகத் தெருமுனையில் நிற்கிறது. அதில் அடுத்தடுத்து இரண்டு தடவை சுத்தம் என்று வந்தால்தான் முத்திரையைப் பிரிக்கலாம் என்று அதிகாரிகள் சொல்லிவிட்டார்கள்.

அதற்குப் பிறகு யார் யாரோ வந்தார்கள், போட்டோ எடுத்தார்கள், போனார்கள். விடாமல் திரும்பத் திரும்ப வந்தவர் ஜுபைர் ஒருவர்தான். அது அவர் உத்தியோகம், அதற்குத்தான் சம்பளம் என்று சொல்லலாம். சொல்கிறவர்கள் சொல்லட்டும். நான் குடிக்கப்போகிற நீரைப் பற்றி என்னைவிட அதிகமாகக் கவலைப்பட ஓர் ஆள் இந்த ஊரில் இருக்கிறார் என்ற நினைப்பில் நான் பல நாள் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன். அவருக்கு நன்றி சொல்லத்தான் இதை எழுதுகிறேன். நடுநிலை பாவனையெல்லாம் எனக்கு வராது.

ஆள் நாற்பதைத் தாண்டியவர். நல்ல உயரம், உயரத்துக்கு ஏற்ற தொப்பை. குழாய் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டால், எழுந்திருக்க யாராவது கை கொடுக்க வேண்டும். வேலை வேலூர்க் கூடத்துக்கு என்றாலும் குடியிருப்பது எங்கள் ஊர் மசூதித் தெருவில்தான்; அங்கே இவருடைய அண்ணன் பீர் முகம்மது அத்தர் கடை வைத்திருக்கிறார். அத்தர் விற்கிற குடும்பத்தில் பிறந்தவருக்குக் கிடைத்த வேலையைப் பாருங்கள், நீர் எடுக்கிற நாளில் உடம்பில் எந்த வாசனையும் ஆகாது. வாசனை சோப்பு கூடாது, பவுடர் கூடாது, தலைக்கு எண்ணெய் கூடாது. வண்டிக்கு முந்தின நாளே பெட்ரோல் போட்டுவிடுவார். அன்றைக்கு வண்டியைத் தெருவின் கடைக்கோடியில் நிறுத்திவிட்டு நடந்து வருவார். "என் கையில இருக்குற பெட்ரோல் உங்க தண்ணியில ஏறிடக் கூடாது சார்." வெள்ளிக்கிழமை மட்டும் இந்த வேலையை வைத்துக்கொள்ள மாட்டார். அன்று ஜும்மாவுக்குப் போகிற ஜுபைரைத் திரும்பிப் பார்க்காமலே கண்டுபிடித்துவிடலாம். ஒரு வாரத்து அத்தரை ஒரே நாளில் பூசியிருப்பார்.

தோளில் ஒரு நீல ஐஸ் பெட்டி தொங்கும். எடுத்த நீர் சூடேறாமல் வேலூர் போய்ச் சேர வேண்டும் என்பதற்காக. பெட்டியைப் பார்த்துவிட்டு, "இன்னிக்கு என்னா மீனு பாய்?" என்று கேட்காத வீடு எங்கள் தெருவில் குறைவு. இல்லை இல்லை என்று சொல்லி அலுத்துப்போய், ஒருநாள் "மத்தி இருந்துச்சு, தீந்துபோச்சும்மா" என்று சொல்லிவிட்டார். அடுத்த முறை வந்தபோது அந்த அம்மாள் பாத்திரத்தோடு வாசலில் காத்திருந்தார். ஜுபைர் பெட்டியைத் திறந்து ஒவ்வொரு பாட்டிலாகக் காட்டி மன்னிப்புக் கேட்டார். அந்த அம்மாள் இன்னும் அவரை முழுசாக நம்பவில்லை என்று கேள்வி.

பெட்டிக்குள் ஒரு பாட்டில் மட்டும் திறக்காமலே வரும், திறக்காமலே திரும்பிப் போகும். சுத்தமான நீரைப் பரிசோதனைக் கூடத்திலேயே நிரப்பி மூடியது. "இவரு சாட்சி சார். ஒண்ணும் பேச மாட்டாரு, கூடவே வருவாரு. வழியில எதனா கலந்துச்சுன்னா இவருகிட்டயும் கலந்திருக்கும். இவரு சுத்தமா இருந்தாத்தான் நம்ம பேச்சு எடுபடும்." மற்ற பாட்டில்களெல்லாம் அது, இது. இந்த ஒன்று மட்டும் இவர்.

பாஞ்சாலை அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். கீழ்பென்னாத்தூரில் பிறந்து இந்தத் தெருவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர். வீட்டின் முன்னறையில் இட்லிக் கடை, கொல்லையில் கிணறு. அந்தக் கிணற்று நீரில் அரிசி ஊறினால்தான் இட்லி என்று தெருவே சப்புக்கொட்டிச் சாப்பிட்ட காலம் உண்டு. கிணற்றின் மேல் தகரத்தைப் போட்டு முத்திரை வைத்த பிறகு, கேன் தண்ணீரை வாங்கிக் கடை நடத்தினார். கேன் தண்ணீரில் அரிசி ஊறவைத்து, மாவரைத்து, பாத்திரமும் கழுவி யாருக்கும் கட்டுப்படியாகாது. முதலில் இரவுக் கடையை நிறுத்தினார். பிறகு வாரத்தில் சில நாள் அடுப்பே எரியவில்லை.

"சித்திரைக்குள்ள கெணறு தொறக்கலேன்னா கடைய மூடிடுவேன் தம்பி," என்று ஒருநாள் என்னிடம் சொன்னார். "ஆசிரமத்துப் பக்கம் ரூமு வாடகைக்கு வுடுறாங்களே, அங்க பாத்திரம் கழுவக் கூப்புடுறாங்க. போய்டுவேன்." சொல்லும்போது அவர் அழவில்லை, குரலும் மாறவில்லை. எல்லாம் யோசித்து முடித்துவிட்டார் என்று தெரிந்து எனக்குத்தான் பயமாக இருந்தது.

போன ஐப்பசியில் நாலாம் நம்பர் முதல் தடவையாகச் சுத்தம் என்று வந்தது. இன்னும் ஒரு தடவை வந்துவிட்டால் போதும்.

ஆனால் நாலாம் நம்பருக்கு அதற்குள் வேறொரு வாழ்க்கை தொடங்கியிருந்தது. வட்டமான சிமென்ட் மேடையின் நடுவே கறுப்பாக, உச்சி உருண்டையாக ஒன்றை நட்டு வைத்தால் இந்த ஊரில் என்ன ஆகும் என்று அதை நட்ட பொறியாளர் யோசித்திருக்க வேண்டும். வெளியூர்க்காரர் போலிருக்கிறது. பௌர்ணமிக்குப் பௌர்ணமி சாலை கொள்ளாத கூட்டம் எங்கள் முனையைத் தாண்டித்தான் மலையைச் சுற்றிப் போகிறது. பாதையிலுள்ள எட்டு லிங்கங்களையும் எண்ணிக்கொண்டே வந்த யாரோ ஒருவர் இதையும் சேர்த்து எண்ணிவிட்டார். முதலில் திருநீறும் குங்குமமும் ஏறின. அடுத்த பௌர்ணமிக்குச் செவ்வந்தி மாலை. அதற்கடுத்து, பெட்ரோல் ஆவி இருக்கக்கூடிய அந்தக் குழாயின் தலையில் கற்பூரம்.

பங்க் மேனேஜர் குமரேசன் அலறிப்போய், 'இது சாமி அல்ல' என்று பெரிய எழுத்தில் பலகை எழுத ஏற்பாடு செய்தார். (அந்தப் பக்கம் போகும்போது அவரே கன்னத்தில் போட்டுக்கொள்வதை நான் பார்த்திருக்கிறேன்.) ஜுபைர்தான் தடுத்தார். "சாமி இல்லேன்னு எழுதுறதுக்கு நாம யாரு சார்? நெருப்பு வைக்காதீங்கன்னு மட்டும் எழுதுங்க, போதும்." எழுதினார்கள். கூட்டத்தில் யார் நின்று பலகை படிக்கிறார்கள்? அதனால் அடுத்த பௌர்ணமியன்று மாலையில், யாரும் கூப்பிடாமலே ஜுபைர் வந்து குழாய்க்குப் பக்கத்தில் நின்றுகொண்டார். "கற்பூரத்த ரோட்டுக்கு அந்தாண்ட ஏத்துங்கம்மா, இங்க பெட்ரோல் இருக்குது." தொப்பி போட்ட ஒரு பாய் லிங்கத்துக்குப் பக்கத்தில் நின்று சொல்வதை ஒருவரும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. சொன்னபடி தள்ளிப்போய் ஏற்றினார்கள். சிலர் திருநீற்றைக்கூட அவரிடம் நீட்டினார்கள். அவர் நெஞ்சில் கைவைத்துத் தலை குனிந்து, பக்கத்தில் நின்ற என்னிடம் கொடுக்கச் சொன்னார். அன்றைக்கு என் நெற்றியில் இடமே இல்லை.

இந்தத் தைப்பூசப் பௌர்ணமிக்கு அவரால் வர முடியவில்லை. அது முடிந்த ஓரிரு நாளில் நீர் எடுக்க வந்தார். வழக்கம்போல நாலாம் நம்பர் முன்னால் உட்கார்ந்து மாலையை மெதுவாகக் கழற்றி ஓரமாக வைத்தார். மூடியைத் திறந்ததும் அவர் முகம் மாறியது. நீளமான கண்ணாடிக் குழல் போன்ற ஒன்றைக் கயிற்றில் கட்டி உள்ளே இறக்கி நீரை மொண்டெடுப்பார். அன்றைக்கு அது வெள்ளைக் கலங்கலாக மேலே வந்தது. மூக்கருகே கொண்டுபோனவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"பாலு சார். கெட்டுப்போன பாலு."

மூடிக்குப் பூட்டு உண்டு. மழையில் துருப்பிடித்துத் திறக்க முடியாமல் போனதைப் போன தடவை அறுத்தெடுத்தவர், புதுப் பூட்டு மாட்ட மறந்திருந்தார். அதை நினைத்து அவர் தலையில் அடித்துக்கொள்ளும்போதே, பாஞ்சாலை அக்கா கடையிலிருந்து வந்து எதிரில் நின்றார்.

"அது நான்தான் பாய் ஊத்துனேன்."

ஜுபைர் நிமிர்ந்தார்.

"வெடிகாலைல மலை சுத்திட்டு வந்தேன். தண்ணி நல்லபடியா வரணும்னு வேண்டிக்கினு ஊத்துனேன். ஒரு சொம்பு பாலு, கொஞ்சம் தேனு."

"மேல ஊத்தியிருந்தா ஒண்ணும் ஆயிருக்காதுக்கா. மூடிய ஏன் தொறந்தீங்க?"

"உள்ளதான தண்ணி இருக்குது?"

ஜுபைர் திறந்து கிடந்த மூடியைக் கையில் எடுத்தார்.

"ஆபீசரும் சரி, பங்க்காரரும் சரி, நீங்களும் சரி, இது என்னா சொல்லுதோ அதத்தான கேக்குறீங்க," என்றார் அக்கா. "நான் வேற யாராண்ட போய் வேண்டிக்குவேன்?" பிறகு குழலிலிருந்த வெள்ளை நீரைப் பார்த்து, "கெட்டுப்போச்சா?" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் சிரிக்கிற நேரமில்லை. பால் கலந்த நீரைப் பரிசோதனைக்கு எடுத்துக்கொள்ள மாட்டார்கள். இந்தத் தடவை தவறினால் அடுத்தது மூன்று மாதம் கழித்து. அதற்குள் சித்திரை பிறந்து வெகுநாள் ஆகியிருக்கும். எங்கள் மூவருக்கும் அது தெரியும்.

"பாலு கெட்டுப்போச்சு," என்றார் ஜுபைர். "தண்ணி கெட்டுச்சான்னு இன்னும் தெரியாது. பாக்கலாம். நீங்க ஊத்துனது வேண்டுதல்க்கா. நான் பூட்டு போடாததுதான் தப்பு. ஆபீசுக்குத் தப்பத்தான் சொல்லணும்."

அங்கேயே நின்று போன் செய்தார். கிரிவலம் வந்தவங்க பால் ஊத்திட்டாங்க, பூட்டு மாட்டாதது நான்தான் என்றார். இரண்டிலும் பொய் இல்லை. பிறகு போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டு நின்றார். மறுமுனையில் பேசியவருக்கு நல்ல குரல் வளம். மாதக் கடைசிக்குள் குழாயைச் சுத்தம் செய்து நீர் எடுத்தால் ஏற்றுக்கொள்வார்கள், ஆனால் அந்த வேலையை அவருடைய சொந்த விடுப்பில்தான் பார்க்க வேண்டும் என்று முடிவாயிற்று.

மறுநாளிலிருந்து வந்தார். ஒல்லிக் குழலை இறக்கி, மொண்டு, இழுத்து, பீப்பாயில் கொட்டி, மறுபடி இறக்கி. உள்ளே நின்ற நீர் முழுக்க வெளியேறி, சுற்றுமண்ணிலிருந்து புது நீர் ஊறி வர வேண்டும், அதையும் இறைக்க வேண்டும். மோட்டார் போட்டால் கலங்கிவிடும் என்று கையாலேயே இழுத்தார். நானும் ஒருநாள் கயிற்றைப் பிடித்தேன். சீக்கிரமே தோள்பட்டை என்னிடம் விடை வாங்கிக்கொண்டது. பாஞ்சாலை அக்கா முந்தானையைச் செருகிக்கொண்டு வந்து, "ஊத்துனது நானு. எறைக்கறதும் நானே எறைக்கிறேன், தள்ளுங்க," என்றார்.

"கையில என்னா? மஞ்சளா?" என்றார் ஜுபைர். "கழுவிட்டு, இந்தக் கையுறைய மாட்டிக்கினு வாங்க."

நீல ரப்பர் கையுறையோடு அக்கா கயிறு இழுக்க, ஜுபைர் குழலை வெயிலில் பிடித்துப் பார்த்து உதட்டைப் பிதுக்க, இப்படியே நாட்கள் போயின. வெள்ளை வெளிறிற்று. நெடி போயிற்று. ஒருநாள் குழலுக்குப் பின்னால் அவர் கைரேகை தெளிவாகத் தெரிந்தது. அதற்கு மேலும் இரண்டு நாள் இறைத்துவிட்டுத்தான் பாட்டிலைக் கையில் எடுத்தார். கூடவே, அதிகாரிகளிடம் அனுமதி வாங்கி, முத்திரையைத் தொடாமல் தகரத்தின் சந்து வழியாகக் குழலை இறக்கி, அக்காவின் கிணற்றிலிருந்தும் நீர் எடுத்தார். போகும்போது மூடிக்குப் பெரிய பித்தளைப் பூட்டு ஒன்றை மாட்டி, இழுத்து இழுத்துப் பார்த்தார்.

ரமலான் பிறந்து சில நாட்களுக்குப் பிறகு முடிவு வந்தது. நாலாம் நம்பர் சுத்தம், கிணறு சுத்தம், சாட்சியும் சுத்தம். மத்தியானம் அதிகாரிகள் வந்து முத்திரையைப் பிரித்துவிட்டுப் போனார்கள். தெருவே கொல்லையில் கூடியிருந்தது. அக்கா தகரத்தை நகர்த்தி, வாளியை விட்டு, முதல் நீரை இழுத்து ஒரு டம்ளரில் ஊற்றினார். ஊற்றிவிட்டு யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் நின்றார். ஒரு கையும் நீளவில்லை. பெட்ரோல் குடித்த கிணறு என்ற பயம் ஒரு காகிதத்தைப் பார்த்துப் போய்விடுமா?

நான் வாங்கிக் குடித்தேன். அதனால் யாருக்கும் நம்பிக்கை வந்துவிடவில்லை. கதை எழுதுகிறவன் எதை வேண்டுமானாலும் குடிப்பான் என்று தெருவுக்கு என்னைப் பற்றி ஓர் எண்ணம்.

"டெஸ்ட் பண்ணவரு மொதல்ல குடிக்கட்டும்," என்றார் எதிர்வீட்டு வல்லரசு. தினமும் அக்காவின் கடையில் சாப்பிட்டுவிட்டு லாரி எடுக்கப் போனவர். கெட்ட மனுஷரில்லை, வீட்டில் சின்னக் குழந்தை இருக்கிறது. எல்லாரும் ஜுபைரைப் பார்த்தார்கள்.

"எனக்கு நோன்புங்க," என்றார் ஜுபைர்.

"நல்ல சாக்குதான்," என்று பின்னாலிருந்து ஒரு குரல். சிலர் சிரித்தார்கள். கூட்டம் கலைய ஆரம்பித்தது. அக்கா இன்னொரு முறை ஊற்றிய டம்ளரைக் கிணற்றுச் சுவரில் வைத்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். யாரும் குடிக்காத கிணற்றை வைத்துக்கொண்டு அவர் எந்த ஊரில் இட்லி விற்பது? எனக்குக் கோபம் கோபமாக வந்தது. ஜுபைர் மட்டும் நிதானமாக, "சாயங்காலம் கடை உண்டாக்கா?" என்று கேட்டார். உண்டு என்று அக்கா தலையசைத்தார். ஜுபைர் போய்விட்டார்.

பொழுது சாயும் நேரத்துக்குத் திரும்பி வந்தார். மசூதியில் நோன்புக் கஞ்சிக்கு உட்கார்ந்திருக்க வேண்டியவர், கடையின் பெஞ்சில், தெருவைப் பார்த்து உட்கார்ந்தார். வல்லரசு தன் வாசலில் சும்மா நிற்பதுபோல நின்றார். இன்னும் சிலரும் அப்படியே சும்மா நின்றார்கள். அக்கா ஒரு டம்ளர் நீரைக் கொண்டுவந்து வைத்தார். ஜுபைர் அதைப் பார்த்தார், மூலையிலிருந்த கேனைப் பார்த்தார்.

"இது கேன் தண்ணியாக்கா?"

"எனக்கு என்னமோ பயமா இருக்குது பாய்," என்றார் அக்கா மெதுவாக. "நாள் பூரா ஒண்ணும் சாப்புடாத வயிறு."

"கெணத்துத் தண்ணி குடுங்க."

அக்கா உள்ளே போனார். வாளி நீரில் இறங்குகிற சத்தம் கேட்டது. புது டம்ளர் வந்தது. ஜுபைர் அதை இரண்டு கையாலும் பிடித்து மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். தூரத்து மசூதியிலிருந்து பாங்கு ஒலித்ததும் சட்டைப் பையிலிருந்து ஒரு பேரீச்சம்பழத்தை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். உதட்டுக்குள் ஏதோ சொல்லிவிட்டு, டம்ளரைத் தூக்கி, அவசரமில்லாமல், கடைசிச் சொட்டுவரை குடித்தார். பிறகு புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டு, காலி டம்ளரை மறுபடியும் அக்காவிடம் நீட்டினார்.